மொய் நோட்டின் கடைசிப் பக்கங்கள்

போன மாதம் மகளுக்குக் காதுகுத்து வைத்தோம். எங்கள் பக்கம் விசேஷம் என்றால், பத்திரிகை அடிப்பதற்கு முன்பே பழைய மொய் நோட்டுகளை எடுத்துப் புரட்ட ஆரம்பித்துவிடுவார்கள். யாருக்கு நாம் செய்திருக்கிறோம், யார் வீட்டிலிருந்து வந்ததற்கு இன்னும் திருப்பிச் செய்யாமல் இருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளத்தான். அம்மா போன பிறகு எங்கள் வீட்டுக் கணக்கையும் சித்திதான் வைத்திருக்கிறார். திண்டுக்கல்லில் அவர் வீட்டுக்குப் போய் பீரோவிலிருந்த நோட்டுகளை எடுத்து, அங்கேயே ஹாலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை அட்டை போட்ட நீளமான நோட்டு ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பின்பக்கத்திலிருந்து திறந்துவிட்டேன்.

கடைசி நான்கு பக்கங்களில் பக்கத்துக்கு ஒரு பெயர். பெயருக்குக் கீழே மாதமும், எதிரில் 500 என்ற எண்ணும். ஜூன் 2015, 500. ஜூலை 2015, 500. இப்படியே இறங்கிக்கொண்டு போகிறது. சீட்டுக் கணக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். நான்கு பெயர்களையும் சேர்த்துப் படித்தபோதுதான் கை நின்றது. அந்த நான்கு பெண்களையும் எனக்குத் தெரியும். 2014இல் இதே ஹாலில் பாய் விரித்து அவர்களை உட்கார வைத்து, வெள்ளைத் தாளில் வட்டங்கள் போட்டு, ஆள்மேல் ஆள் சேர்க்கிற சங்கிலித் தொழில் ஒன்றின் 'பிளான்' காட்டியவன் நான்தான்.

சித்தி சமையலறையில் இருந்தார். நோட்டைக் கொண்டுபோய்க் காட்டி, "என்ன சித்தி இது?" என்றேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அது பழைய கணக்குய்யா, முடிஞ்சு போச்சு. முன்பக்கம் பாரு" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கல்யாணப் பத்திரிகை வைக்கிற மாதிரி

2013 கடைசியில் நான் பி.இ. முடித்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வேலை இல்லை. கல்லூரியில் கூடப் படித்தவன் ஒருவன் கூப்பிட்டு, "ஒரு நல்ல விஷயம் இருக்கு, போன்ல சொல்ற விஷயம் இல்ல, நேர்ல வா" என்றான். மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி. டை கட்டிய ஆட்கள் வாசலிலேயே கை கொடுத்து, "வாங்க சார்" என்றார்கள். ஒன்றரை வருடமாக என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. இப்போது யோசித்தால், மேடையில் அவர்கள் பேசியது எதுவும் எனக்கு அவ்வளவாக நினைவில்லை. அந்தக் கை கொடுத்தல் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. படித்தவன் இதில் எப்படி விழுந்தான் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் உள்ள பதில் அதுதான். கணக்கு தெரியாமல் நான் விழவில்லை. என்னை யாராவது ஒரு ஆளாக மதிக்க மாட்டார்களா என்ற ஏக்கத்தில்தான் விழுந்தேன்.

7,500 ரூபாய் கட்டினால் நோனி ஜூஸ் இரண்டு பாட்டில், ஒரு டப்பா சத்துமாவுப் பொடி, ஒரு கோட்டுத் துணி, அதோடு ஒரு ஐ.டி. நம்பர். நமக்குக் கீழே நேரடியாக ஒருவரைச் சேர்த்தால் 800. அவர்களுக்குக் கீழே வருகிற ஒவ்வொருவருக்கும் 100. சேர்ந்த மறுநாள் என் அப்லைன், அதாவது சங்கிலியில் எனக்கு மேலே இருந்தவர், ஒரு நோட்டைக் கொடுத்து நூறு பெயர் எழுதச் சொன்னார். "இவர் வருவாரா, மாட்டாரான்னு நீங்க முடிவு பண்ணாதீங்க. நாளைக்கு உங்களுக்குக் கல்யாணம்னா யார் யாருக்குப் பத்திரிகை வைப்பீங்க? அந்த மாதிரி எழுதுங்க" என்றார். எழுதினேன். முதல் பெயர் சித்தி.

இந்தத் தொழிலின் உயிர் அந்த நூறு பெயரில்தான் இருக்கிறது. முன்பின் தெரியாதவன் வந்து ஆயிரத்துச் சொச்ச ரூபாய்க்கு ஒரு பாட்டில் ஜூஸ் வாங்கச் சொன்னால் யாரும் வாங்க மாட்டார்கள். அக்கா மகன் வந்து சொன்னால் வாங்குவார்கள். அதுவும் ஜூஸுக்காக அல்ல, பையன் ஏதோ தலையெடுக்கப் பார்க்கிறான், நாமும் ஒரு கை கொடுப்போம் என்றுதான். "பொருள் கொடுக்கிறோமே, அப்புறம் எப்படி மோசடி?" என்று எங்கள் மீட்டிங்கில் யாராவது கேட்டால் கைதட்டல் விழும். இன்று என்னிடம் யாராவது அதைக் கேட்டால், ஒன்றே ஒன்றுதான் திருப்பிக் கேட்பேன். சங்கிலியில் சேர்கிற எண்ணமே இல்லாத ஒருவர், அந்த விலைக்கு அந்தப் பொருளைக் கடையில் வாங்குவாரா? நான் இருந்த பதினான்கு மாதத்தில் அப்படி ஒருவர்கூட வாங்கி நான் பார்த்ததில்லை.

சித்தி சத்துணவு அமைப்பாளர். ஊரில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. நான் அவரைச் சேர்த்ததோடு நிற்கவில்லை. "சித்தி, உங்களுக்குக் கீழ நாலு பேர் வந்தா போதும், நீங்க போட்ட காசு வந்துடும்" என்று சொல்லி அந்த நால்வரையும் வரவழைத்தேன். சத்துணவு மையத்தில் சமைக்கிற அம்மா. பக்கத்து வீட்டில் துணி தைக்கிறவர். மகளிர் குழுவில் சித்தியோடு இருந்த ஒருவர். அவர் குழுவில் கடன் எடுத்துக் கட்டினார். நாலாவது, நிலக்கோட்டை மல்லிகையை வாங்கி வந்து கட்டி விற்கிற அக்கா. அவர் பணம் கொண்டுவந்தது பத்து ரூபாய், இருபது ரூபாய் நோட்டுகளாக, ஒரு மஞ்சப் பையில். நான் தரையில் உட்கார்ந்து எண்ணினேன். நோட்டுகளில் பூ வாசம் இருந்தது. எண்ணி முடித்ததும், "தம்பி, இது ஒண்ணும் ஆகாதுல்ல?" என்றார். "அக்கா, நான் இருக்கேன்ல" என்றேன்.

ஆறு, ஆறு, ஆறு

மேடையில் அவர்கள் போர்டில் எழுதிக் காட்டுகிற கணக்கு எளிமையானது. நீங்கள் ஆறு பேரைச் சேருங்கள். அவர்கள் ஆளுக்கு ஆறு பேர். ஆறு, முப்பத்தாறு, இருநூற்றுப் பதினாறு. நான்காவது ஐந்தாவது வரிசையிலேயே தொகை லட்சத்தைத் தாண்டும். அங்கேயே போர்டைத் துடைத்துவிடுவார்கள். அதற்குக் கீழே யாரும் எழுதிக் காட்டுவதில்லை. நான் மெக்கானிக்கல் படித்தவன். ஒரு நாள்கூட மீதியை எழுதிப் பார்க்கத் தோன்றவில்லை. போன வாரம்தான் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்.

பத்தாவது வரிசையில் மட்டும் 6,04,66,176 பேர் வேண்டும். உச்சியில் இருக்கிற ஒரு ஆளிலிருந்து பத்தாவது வரிசை வரை மொத்தமாகக் கூட்டினால் 7,25,59,411. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகை 7,21,47,030. அதாவது பத்தாவது வரிசை நிறைவதற்குள், தொட்டிலில் கிடக்கிற குழந்தையையும் சேர்த்து, மாநிலத்தில் ஒரு ஆள் பாக்கியிருக்க மாட்டார். பதினோராவது வரிசைக்கு யாரைக் கூப்பிடுவது?

அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. அந்தக் கடைசி வரிசையை மொத்தத்தால் வகுத்துப் பாருங்கள். ஆறில் ஐந்து பங்கு வருகிறது. சங்கிலி மூன்றாவது வரிசையில் அறுந்தாலும் சரி, பத்தாவதில் அறுந்தாலும் சரி, இந்தப் பங்கு ஏறக்குறைய மாறுவதே இல்லை. எந்த நாளில் நிறுத்தினாலும் நூற்றுக்கு எண்பத்து மூன்று பேர் தங்களுக்குக் கீழே ஒருவரும் இல்லாமல்தான் நிற்பார்கள். மீட்டிங்கில் சொல்வார்கள், ஜெயிக்காதவர்கள் உழைக்காதவர்கள் என்று. நெகட்டிவ் ஆட்கள் என்று. எண்பத்து மூன்று பேரும் ராத்திரி பகல் உழைத்தாலும், அவர்களுக்குக் கீழே இன்னும் பல மடங்கு ஆட்கள் வந்து நிற்பார்களே தவிர, அந்தப் பங்கு குறையாது. தோற்கிறவர்களின் இடம் அந்த அமைப்புக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது. அந்த மஞ்சப் பை அக்கா எவ்வளவு ஓடியிருந்தாலும் இதே முடிவுதான்.

சட்டத்துக்கு உட்பட்டு வெளிப்படையாக நடக்கிற நிறுவனங்களில் நிலைமை வேறு என்பார்கள். அமெரிக்காவில் எஃப்.டி.சி. எனப்படும் மத்திய வர்த்தக ஆணையம் 2024இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. எம்.எல்.எம். எனப்படும், இப்படி அடுக்கடுக்காக ஆள் சேர்த்து விற்கிற 70 நிறுவனங்கள், ஆள் சேர்ப்பதற்காகத் தாங்களே வெளியிட்ட வருமான விவரங்களை எடுத்துப் படித்திருக்கிறார்கள். அதன்படியே பெரும்பாலான உறுப்பினர்களுக்கு வருடத்துக்கு ஆயிரம் டாலரோ அதற்கும் குறைவாகவோதான் வந்திருக்கிறது. 17 நிறுவனங்களிலாவது பெரும்பாலானோருக்கு ஒன்றுமே வரவில்லை. செலவைக் கழிப்பதற்கு முன்னால் இந்தக் கணக்கு.

வக்கீல் கேட்ட கேள்வி

எங்கள் கம்பெனி 2015 ஜனவரியில் நின்றது. முதலில் கமிஷன் தாமதமானது. சாஃப்ட்வேர் மாற்றுகிறோம் என்றார்கள். பிறகு வெப்சைட் திறக்கவில்லை. மதுரை ஆபீஸுக்குப் போனால் பூட்டு. என் அப்லைன் நம்பரை மாற்றிவிட்டார். அவரும் ஏமாந்தவர்தான் என்று பிறகு தெரிந்தது.

எனக்கு வந்த கமிஷன் மொத்தம் 10,200 ரூபாய். நான் நேரடியாகச் சேர்த்தது பதினொரு பேர். அவர்கள் வழியாக வந்தது பதினான்கு பேர். போட்ட 7,500 போக 2,700 மிஞ்சியதாகக் கணக்கு சொல்லும். மீட்டிங் டிக்கெட், பஸ், கீழே வருகிறவர்களுக்கு டீ, டிபன் எல்லாம் அதைப்போல் நாலு மடங்கு ஆகியிருக்கும்.

புகார் கொடுக்கலாம் என்று திண்டுக்கல் கோர்ட் அருகில் தெரிந்த வக்கீல் ஒருவரைப் பார்க்கப் போனேன். ரசீது, ஐ.டி. கார்டு எல்லாவற்றையும் அவர் மேஜையில் பரப்பினேன். அவர் எதையும் தொடவில்லை. "தம்பி, நீங்க எத்தனை பேரைச் சேத்தீங்க?" என்றார். பதினொன்று என்றேன். எழுந்துபோய் ஒரு புத்தகத்தை எடுத்து வந்து காட்டினார். 1978ஆம் வருட பரிசுச் சீட்டு, பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம். அதன் மூன்றாவது பிரிவு, இப்படிப்பட்ட திட்டத்தை நடத்துவதை மட்டும் குற்றம் என்று சொல்லவில்லை. அதில் உறுப்பினராகச் சேர்வது, வேறு எந்த விதத்திலும் பங்கு பெறுவது, அதற்காகப் பணம் வாங்குவது, பணம் அனுப்புவது எல்லாமே குற்றம். நாலாவது பிரிவில் மூன்று வருடம் வரை சிறை. "கொடுங்க, வேண்டாங்கல. ஆனா உங்களுக்குக் கீழ இருக்கிற பதினொரு பேர்ல ஒருத்தர் நாளைக்கு வந்து உங்க மேல கொடுத்தா என்ன செய்வீங்கன்னு யோசிச்சுட்டுக் கொடுங்க" என்றார். ரசீதுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தக் கேள்வியை இத்தனை வருடமாக ஒரு எச்சரிக்கை என்றே நினைத்திருந்தேன். சித்தியின் நோட்டைப் பார்த்த பிறகுதான் அதற்குள் இருந்த இன்னொன்று தெரிந்தது. சாதாரணத் திருட்டில் பறிகொடுத்தவன் ஒரு பக்கம், திருடன் ஒரு பக்கம். இங்கே பறிகொடுத்த ஒவ்வொருவர் கையையும், இன்னொருவர் மடியில் விட்டு எடுக்க வைத்துவிடுகிறார்கள். நான் மேலே கை காட்டினால், கீழிருந்து பதினொரு கை என்னைக் காட்டும். இந்தப் பயமும் வெட்கமும்தான் இந்தத் தொழிலின் உண்மையான பாதுகாப்பு. குண்டர் வேண்டாம், மிரட்டல் வேண்டாம். அவரவர் சித்தியும் அவரவர் மாமாவுமே போதும்.

2024 ஜனவரியில் கோவை நீலாம்பூர் பக்கம் ஆயிரக்கணக்கான பேர் திரண்டது நினைவிருக்கும். செல்போனில் விளம்பரம் பார்த்தால் பணம் என்று சொன்ன மைவி3 ஆட்ஸ் மீது போலீஸ் வழக்குப் போட்டபோது, நிறுவனத்துக்கு ஆதரவாகக் கூடிய கூட்டம் அது. நெடுஞ்சாலை ஓரம் முழுக்கப் பெண்கள், வயதானவர்கள். பார்த்தவர்கள் எல்லாம், ஜனங்களுக்கு அறிவே வராதா என்று எழுதினார்கள். எனக்கு அந்த முகங்களைப் பார்க்கும்போது அப்படித் தோன்றவில்லை. அந்தக் கூட்டத்தில் நின்ற ஒரு அம்மாவை நினைத்துக்கொண்டேன். அவர் தன் நாத்தனாரைச் சேர்த்திருப்பார், குழுவில் நாலு பேரைச் சேர்த்திருப்பார். கம்பெனி மோசடி என்று அவர் ஒத்துக்கொண்டால், அடுத்த நிமிடம் அந்த நாலு பேர் முகத்தில் எப்படி விழிப்பது? கம்பெனி நல்லது என்று நம்புவது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருக்கிற கௌரவம். 2015இல் நானும் மூன்று மாதம் அப்படித்தான் இருந்தேன். "சர்வர் பிரச்சனைதான், வந்துடும்" என்று பூ கட்டும் அக்காவிடம் சொன்னபோது, பொய் என்று எனக்கே தெரியாது. நம்பித்தான் சொன்னேன்.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 2016இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், கடை இல்லாமல் ஆட்கள் மூலமாகவே விற்கிற நேரடி விற்பனையில் சேர்க்கைக் கட்டணம் கூடாது, ஆள் சேர்த்ததற்காகப் பணம் தரக் கூடாது என்றன. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள், ஆள் சேர்ப்பதிலேயே காசு பார்க்கிற இந்த மாதிரி பிரமிட் திட்டங்களுக்கு நேரடியாகவே தடை போட்டன. 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. தமிழ்நாட்டில் பொருளாதாரக் குற்றப் பிரிவு, பணத்தை இழந்தவர்கள் வந்து புகார் கொடுங்கள் என்று திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறது. ஆனால் 1978 சட்டத்தில் 7,500 கட்டிய பூக்காரரும் உச்சியில் உட்கார்ந்திருக்கிறவரும் ஒரே பிரிவில் நிற்கிற வரை, கீழே இருப்பவர் ஸ்டேஷன் படியேறத் தயங்கத்தான் செய்வார். ஆறு மாதத்துக்குள் தானாக முன்வந்து சொல்கிற கடைசி வரிசை ஆளுக்கு வழக்கு கிடையாது என்று ஒரு வரி சேர்த்தால் எத்தனையோ கம்பெனிகள் முதல் வருடத்திலேயே மாட்டும் என்பது என் எண்ணம். வக்கீல்கள் ஒத்துக்கொள்வார்களா தெரியவில்லை. பட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஐம்பத்தேழு மாதம்

காதுகுத்து முடிந்த அன்று ராத்திரி, பந்தல்காரர் போன பிறகு, சித்தியிடம் மறுபடி கேட்டேன். இந்தத் தடவை சொன்னார். குழுவில் கடன் எடுத்தவருக்குத்தான் முதலில் அடைத்தாராம், வட்டி ஓடிக்கொண்டிருந்ததால். மாதம் 500, பதினைந்து மாதம். அப்புறம் சமையல் அம்மாவுக்குப் பதினைந்து மாதம். அப்புறம் தையல்காரருக்கு. பூ கட்டும் அக்கா கடைசி, ஏனென்றால் அவர் வாங்கவே மாட்டேன் என்றாராம். "நீயா தின்ன, உனக்கும்தான போச்சு" என்று ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்பியிருக்கிறார். சித்தி விடவில்லை. பூ வாங்கும்போது பூக்கூடைக்கு அடியில் வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார்.

"உங்களுக்குக் கமிஷன் வந்ததே மூவாயிரத்து இருநூறுதான சித்தி" என்றேன்.

"கமிஷன் எவ்வளவுன்னு அவுகளுக்குத் தெரியுமா? அவுக கம்பெனிக்கா கொடுத்தாக? என் மூஞ்சிக்குக் கொடுத்தாக."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப நீ சோறே ஒழுங்காத் திங்கல. உங்கம்மா பயந்துபோய்க் கிடந்துச்சு. உங்கிட்ட எதச் சொல்ல?" என்றார்.

நோட்டில் கடைசிப் பதிவு பிப்ரவரி 2020. ஐம்பத்தேழு மாதம், 28,500 ரூபாய். அடுத்த மாதம் ஊரடங்கு வந்தது. பூ வியாபாரம் படுத்துப்போய், அந்த அக்கா மகனோடு திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். போன் நம்பர் மாறிவிட்டது. பாக்கி 1,500. அதற்கு மட்டும் சித்தி பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார். நால்வர் பெயரும் இருக்கிற அந்தக் கணக்கில், சித்தி தான் கட்டிய 7,500ஐ எங்கேயும் எழுதவில்லை. என் பெயரும் இல்லை.

மொய் நோட்டின் முன்பக்கத்தில் இருக்கிற கணக்கும் ஒருவகையில் ஆள்மேல் ஆள் வைத்த நம்பிக்கைதான். இன்று நான் ஐநூறு எழுதினால், என் வீட்டு விசேஷத்தில் அது திரும்பி வரும். குறைந்தது, எழுதியவர் கண்ணெதிரே இருப்பார். நாங்கள் காட்டிய பிளான் இந்த நம்பிக்கையைத்தான் கடன் வாங்கியது. பணம் மேலே போனது, முகம் தெரியாத யாருக்கோ. கணக்கு மட்டும் ஊரிலேயே நின்றுவிட்டது, சித்தி பேரில்.

திண்டுக்கல்லிலிருந்து திரும்பிய மறுநாள் நானும் ஒரு நோட்டு வாங்கினேன். பதினொரு பெயர் எழுதினேன். மூன்று பேருக்கு நம்பரே இல்லை. ஒருவர் இறந்துவிட்டார், அவர் மனைவி நத்தத்தில் இருக்கிறார். பூ கட்டும் அக்காவின் திருப்பூர் நம்பரைச் சமையல் அம்மாவின் மகள் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நோட்டின் முதல் பெயர் கல்லூரியில் என் பக்கத்து பெஞ்ச். பத்து வருடமாகப் பேசவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"சொல்லுடா" என்றான். பிறகு, கொஞ்சம் பொறுத்து, "மறுபடியும் ஏதாவது பிளானா?"

இல்லைடா, உன் அக்கவுண்ட் நம்பர் வேணும் என்றேன். எதுக்கு என்றான். சொன்னேன். பின்னால் குக்கர் விசில் சத்தம் கேட்டது. ஒரு குழந்தை அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. "நேர்ல வா" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

வருகிற சனிக்கிழமை போகிறேன்.